ஆஸ்தானப் பாமரன்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், எங்கள் ஊர் லிண்டன் ஃபெரியில், எஃகு ஆலையை மூடியது ஒரு திங்கட்கிழமை. காலை ஷிஃப்டுக்குப் போனவர்கள் பத்து மணிக்கே, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல், வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். ஆலையை வாங்கி வைத்திருந்த கம்பெனி, விமானத்தில் பரிமாறும் சாப்பாடும் குளியலறைக் கம்பளமும் செய்கிற கம்பெனி. எஃகு கனமான சமாச்சாரம் என்பது வாங்கிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்ததாம். நாலாயிரம் பேருக்கு வேலை போயிற்று. அதில் ஒருவன் ரேமண்ட் ஹுடாக். வயது நாற்பத்தெட்டு. இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவன்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு குணம் உண்டு. அறுபது அடி உயரத்தில் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, கீழே இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, உலகத்துக்கு நியாயம் சொல்கிற இடத்தில் தாங்கள் இருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிடும். "அவ்வளவு உசரத்துல இருந்ததால எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மத்தவங்க வழுக்கை மட்டும்தான்" என்று பிற்பாடு அவனே சொல்லிச் சிரிப்பான்.

ஆலை மூடிய மூன்றாம் வாரம் அவன் மனைவி லோரெய்ன் அரசு மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவள் வெளியே வேலைக்குப் போனது அதுதான் முதல் தடவை. ரேமண்ட் சமையற்கட்டுக்குப் போனான். அவனுக்கும் அது முதல் தடவைதான். முட்டைக்கோசு வதக்கினான், துணி துவைத்தான். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து பிரோகி அவிக்கக் கற்றுக்கொண்டான். அது அவன் அம்மா வழி வந்த ஸ்லோவாக்கியக் கொழுக்கட்டை. கைக்கு நன்றாகவே வந்தது. கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மேஜை போட்டு விற்க ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமைகளில் தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை மாவட்டச் சுகாதார ஆய்வாளர் வந்தார். நாலு பிரோகி சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு கடையை மூடச் சொன்னார். பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, கை கழுவ ஒரு தொட்டி, தரை துடைக்கும் துணியை அலச ஒரு தொட்டி, ஆக மூன்று தொட்டி வேண்டும். ரேமண்டிடம் இருந்தது ஒன்று.

"தரைத் துணியை நான் வெளிய குழாயில அலசறேனே" என்றான் ரேமண்ட்.

"குழாய் தொட்டியாகாது மிஸ்டர் ஹுடாக். தொட்டின்னா அடியில ஓட்டை இருக்கணும்."

வேலையில்லாதவர்களைக் கரையேற்றுவதற்கென்று அரசாங்கம் ஊரில் ஓர் அலுவலகம் திறந்திருந்தது. அங்கே போய்க் கேட்டான். அவனுக்குத் தலைமுடி வெட்டும் பயிற்சி தருவதாகச் சொன்னார்கள். ஊரில் நாலாயிரம் பேருக்கு வேலையில்லை, யார் முடி வெட்டிக்கொள்ள வருவார்கள் என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் படிவம் இல்லை என்றார்கள். தொழிற்சங்கத்துக்கு எழுதினான். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதினான். எங்கள் சர்ச்சின் மேற்றிராணியாருக்கும் எழுதினான். சங்கத்திலிருந்து பதிலே வரவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர், அச்சடித்த கையெழுத்தோடு, முதியோர் ஓய்வூதியத்தில் அவனுக்குள்ள அக்கறைக்கு நன்றி சொல்லியிருந்தார். மேற்றிராணியார் ஜெபிப்பதாகச் சொன்னார். கடைசியில் ரேமண்ட் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினான். "இந்த நாட்டில் எஃகு ஆலையை மூட ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதும், கொழுக்கட்டை விற்க மூன்று தொட்டி வேண்டும்" என்று அது தொடங்கியது. அவர்கள் அப்படியே போட்டுவிட்டார்கள்.

பத்து நாளில் வாஷிங்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தடித்த காகிதம். 'பொதுஜன சிந்தனை மையம்' என்று நீல எழுத்தில் தலைப்பு. கீழே இயக்குநர் டாக்டர் ப்ரெஸ்காட் லவரிங் என்பவர் மையால் கையெழுத்திட்டிருந்தார். ரேமண்ட் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான், மை கலைந்தது. ஹுடாக் என்ற பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்கள். ஆலையில் இருபத்தாறு வருஷச் சம்பளச் சீட்டில் ஒரு நாளும் அது நடந்ததில்லை.

"என்னவாம்?" என்றாள் லோரெய்ன்.

"என் கருத்து முக்கியமாம்."

"யாருக்கு?"

அதை அவர்கள் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் ரேமண்ட் போனான். பதில் போட்டவர்கள் அவர்கள் மட்டும்தானே. இதில் அவனைக் குறை சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் யோக்கியதை கிடையாது. அந்தக் கடிதம் எங்களுக்கு வந்திருந்தால் நாங்களும் போயிருப்போம்.

மையம் இருந்தது ஒரு பழைய மாளிகையில். கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் கம்பளம். டாக்டர் லவரிங் உயரமாக, வெளுப்பாக, பக்கவாட்டில் சாய்ந்து நடக்கிறவர். ரேமண்டின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"காப்பு. நிஜக் காப்பு. பாருங்க."

வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். அது கிரேன் பிடித்து வந்த காப்பு இல்லை, மாவு பிசைந்து வந்தது என்று சொல்ல ரேமண்டுக்கு வாய் வரவில்லை.

"மிஸ்டர் ஹுடாக்" என்றார் லவரிங், எல்லாரும் உட்கார்ந்ததும். "இந்த மையத்துல இருபத்திரண்டு பேர் பதினோரு வருஷமா சாமானிய மனுஷனைப் பத்தி ஆராய்ச்சி பண்றோம். இதுவரைக்கும் ஒருத்தரையும் நேர்ல பாத்ததில்லை. பாத்தா முடிவுகள் மாறிடுமோன்னு ஒரு ஜாக்கிரதைதான். இப்ப முடிவுகள் எல்லாம் அச்சாகிடுச்சு. இனிமே பாக்கலாம்."

"நீங்க என்ன வேலை பாத்திருக்கீங்க ஐயா?" என்று மரியாதைக்குக் கேட்டான் ரேமண்ட்.

"நான் ஒரு நாளும் சம்பளத்துக்கு வேலை பாத்ததில்லை. எங்க தாத்தா ஏற்பாடு பண்ணிட்டுப் போயிட்டார். அதனால தொழிலாளர் பிரச்சினையில என்னளவு நடுநிலையான ஆள் இந்த ஊர்லயே கிடையாது. உழைக்காம கிடைக்கறது மனுஷனைக் கெடுத்துடும், மிஸ்டர் ஹுடாக். இதை நான் அனுபவத்துல சொல்றேன்."

அரசாங்கத்திடம் கை நீட்டக் கூடாது என்பது மையத்தின் முதல் கொள்கை. சுவரில் பித்தளையில் பொறித்திருந்தது. அதற்கு அடுத்த சட்டத்தில், மையத்துக்கு அரசாங்கம் கொடுத்த வரிவிலக்குப் பத்திரம் தொங்கியது. ரேமண்ட் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதை லவரிங் கவனித்தார். "அது கை நீட்டறது இல்லை. அரசாங்கத்தோட கையை நம்ம பையிலேருந்து மெதுவா எடுத்து வெளிய விடறது" என்றார். ரேமண்டுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவன் பையிலும் ஒரு கை இருந்தது, தொட்டி எண்ணுகிற கை.

மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் சால்மன் மீன் சாப்பிட்டார்கள். ரேமண்டுக்கு ஒரு சொம்புப் பீரும் தொத்திறைச்சி வைத்த ரொட்டியும் தனியாக வரவழைத்திருந்தார்கள். சாப்பாடு முடிகிற நேரத்தில் அவனுக்கு வேலை கொடுத்தார்கள். பதவியின் பெயர் இரண்டு வரி நீளம். சுருக்கிச் சொன்னால் ஆஸ்தானப் பாமரர்.

அடுத்த திங்கட்கிழமையே, பாமரர் அசலாக இருக்கிறாரா என்று பார்க்கும் அசல்தன்மைக் குழு கூடியது. குழுவின் தலைவி மெர்சி டெலஃபீல்ட், இருபத்து நாலு வயசுப் பெண். நல்ல பெண், நுனிநாக்கில் பேசுவாள். ரேமண்ட் தன் ஒரே சூட்டும், லோரெய்ன் தேய்த்துக் கொடுத்த டையும் அணிந்து வந்திருந்தான். குழு அதைப் பார்த்துக் கலங்கிவிட்டது. சாமானியன் சூட் போடமாட்டான் என்று அறிக்கையிலேயே இருந்தது.

"ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போடுவேனே" என்றான்.

"அன்னிக்கு நீங்க சாமானியரா இருக்கறதில்லை, மிஸ்டர் ஹுடாக். பக்தரா இருக்கீங்க. அது வேற துறை" என்றாள் மெர்சி.

அவனுடைய பழைய தலைக்கவசத்தைக் கேட்டார்கள். கொண்டுவந்தான். அதில் சங்கத்தின் வில்லை ஒட்டியிருந்தது, சுரண்டினாலும் போகவில்லை. அதனால் புதுத் தலைக்கவசம் ஒன்று வாங்கி, ஓர் ஆய்வாளரை உட்காரவைத்து, உப்புத்தாள் போட்டு இரண்டு நாள் தேய்க்க வைத்தார்கள். பேச்சையும் திருத்தினார்கள். 'பணவீக்கம்' என்று அவன் சொன்னபோது மெர்சி கையை உயர்த்தினாள். "பாமரர் அப்படிச் சொல்லமாட்டார். 'பால் விலை ஏறிப்போச்சு'ன்னு சொல்லுங்க."

"பால் என்ன விலைன்னு எனக்குத் தெரியாதே. லோரெய்ன்தான் வாங்குவா."

"அப்ப பெட்ரோல்."

அது தெரியும். சில வருஷம் முன்னால் பெட்ரோல் பங்கில் வரிசை நிற்காதவர்கள் யார். அதைப் பற்றி அவன் ஐந்து நிமிஷம் பேசினான். இரண்டு ஆய்வாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் விடுதி அறையில் கண்ணாடி முன்னால் தலைக்கவசத்தோடு நின்று, அதே ஐந்து நிமிஷத்தை ரேமண்ட் தனக்கே இன்னொரு தடவை பேசிக் காட்டிக்கொண்டான். இதையும் அவனேதான் எங்களிடம் சொன்னான். சொல்லாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார்கள். 'அமெரிக்கக் குடும்பம் பேசுகிறது' என்று தலைப்பு. அடுப்பிலிருந்து ஆப்பிள் பணியாரத்தை எடுக்கும் மனைவியோடு ரேமண்ட் இருக்கும் படம் வேண்டும். லோரெய்னுக்குப் பகல் ஷிஃப்ட். வர முடியாது என்றுவிட்டாள். மையம் விளம்பரக் கம்பெனியிலிருந்து ஓர் அழகியை வரவழைத்துப் படமெடுத்தது. பிரசுரம் எட்டு மாநிலங்களுக்குப் போயிற்று. ஒன்பதாவதாக எங்கள் வீதிக்கும் வந்தது.

ரேமண்ட் ஊருக்கு வந்தபோது அந்தப் படம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது.

"அவ பேரு என்ன?" என்றாள் லோரெய்ன். சீருடையை இன்னும் கழற்றவில்லை.

"தெரியாது."

"கட்டின பொண்டாட்டி பேரு தெரியாமலா குடும்பம் நடத்தற?"

"லோரெய்ன், அது வெறும் படம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே. நல்லாத்தான் இருக்கா. அந்தப் பணியாரத்தை அவ சுட்டாளா?"

"அது மரத்துல செஞ்சது."

"அதான் பாத்தேன். உன் மூஞ்சியில பசியே தெரியல."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் படத்தை எடுக்கவில்லை. அது பல மாசம் அங்கேயே இருந்தது.

ரேமண்ட் ஊர் ஊராகப் போனான். இந்தியானா, அயோவா, மிசௌரி. பள்ளிக்கூட மண்டபம், தேவாலய மண்டபம், ரோட்டரி சங்க விருந்து. 'வீட்டின் தலைவன்' என்ற தலைப்பில் அயோவாவில் பேசிக்கொண்டிருந்தபோது மண்டபக் காரியதரிசி ஓடிவந்து, வீட்டிலிருந்து அவசரத் தொலைபேசி என்றார். முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். லோரெய்ன்தான்.

"ரே, சலவைத் தூளை எங்க வெச்சுத் தொலைச்ச?"

"அலமாரியில, மாவு டப்பாவுக்குப் பின்னால. கூடவே வெள்ளைத் துணியைக் கலர்த் துணியோட போட்டுடாத."

திரும்பி வந்து, பெண்கள் வீட்டைக் காக்க வேண்டியதன் அவசியத்தைப் பேசி முடித்தான். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆனால் எல்லாமே கூத்து என்று சொன்னால் அது பொய். கூட்டம் முடிந்ததும் ஜனங்கள் வந்து அவன் கையைப் பிடிப்பார்கள். பேக்கரியை இழந்த ஒரு மனுஷர். கறுப்பரும் வெள்ளையரும் கலந்து படிக்க வேண்டுமென்று பிள்ளைகளை ஊரின் மறுகோடிப் பள்ளிக்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்பச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தபோது தன்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற ஒரு தாய். மகன் வியட்நாமிலிருந்து திரும்பி மூன்று வருஷமாக நிலவறையை விட்டு வெளியே வரவில்லை என்று சொன்ன ஒரு தகப்பன். ஒருவரும் கொள்கை பேசவில்லை. "எங்ககிட்ட யாரும் கேக்கல" என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ரேமண்ட் கேட்டான். கேட்டதையெல்லாம் எழுதி மையத்துக்கு அனுப்பினான். மெர்சி அவற்றைப் பத்திரமாக ஒரு பெட்டியில் வைத்தாள். முடிவுகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டபடியால் அவற்றால் உபயோகம் இருக்கவில்லை.

அப்போதுதான் அந்த விசாரணை வந்தது.

நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் ரேமண்ட் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் லவரிங். அரசாங்கம் தனியார் தொழிலின் கடனுக்கு ஜாமீன் நிற்கிற ஒரு கெட்ட யோசனை, அதை எதிர்க்க வேண்டும். அறிக்கையை அன்று காலை தட்டச்சு செய்து கையில் கொடுத்தார்கள். மைக்கின் முன்னால், தலைக்கவசத்தை மேஜைமேல் வைத்து, ரேமண்ட் நல்ல குரலில் படித்தான். அவனுக்கு இப்போது குரல் பழகியிருந்தது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தெரியும். முதல் பக்கம் சுதந்திரத்தைப் பற்றி. இரண்டாம் பக்கத்தின் நடுவில், 'ஒஹையோ மாநிலம் லிண்டன் ஃபெரியில் மூடிக்கிடக்கும் ஆலையைத் தொழிலாளரும் தேவாலயங்களும் சேர்ந்து வாங்கி நடத்த அரசாங்கம் ஜாமீன் நிற்பது' என்று வந்தது.

ரேமண்ட் படிப்பதை நிறுத்தினான்.

ஊரில் அந்தத் திட்டம் நடப்பது அவனுக்குத் தெரியும். அது இந்த அறைக்கு வரும் என்று தெரியாது. அல்லது தெரிந்திருக்கலாம். தெரிந்துகொள்ளாமல் இருப்பது வசதியாக இருந்திருக்கலாம். இதை அவன் பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் தீர்மானிக்க முடியவில்லை.

"தொடரலாம்" என்றார் குழுத் தலைவர். வெள்ளைத் தலை, தெற்கத்திப் பேச்சு. "இந்தக் குழு எல்லாத் தரப்பையும் திறந்த மனசோட கேக்கும். மதியச் சாப்பாடு வரைக்கும்."

ரேமண்ட் தொடர்ந்தான். அதுதான் நடந்தது. எழுந்து நின்று காகிதத்தைக் கிழித்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவன் படித்தான். வாக்கியங்கள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போயின. 'அந்த ஆலையின் உண்மையான தொழிலாளி ஒருவர்கூட இந்தத் திட்டத்தை ஆதரிக்கவில்லை' என்று முடித்தான்.

ஓரத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "என் கையில ஒரு மனு இருக்கு. திட்டத்தை ஆதரிச்சு ஊர்க்காரங்க போட்ட கையெழுத்து. நூத்துப் பன்னெண்டாவது பேரு ரேமண்ட் ஹுடாக். உங்க சொந்தக்காரரா?"

தேவாலயப் படிக்கட்டில் காபி கொடுத்துக் கையெழுத்து வாங்கிய ஞாயிறு ரேமண்டுக்கு ஞாபகம் வந்தது.

"நான்தான் ஐயா."

"அப்ப ரெண்டு பேர்ல யாரை நம்பறது?"

"அங்க கையெழுத்துப் போட்டவன் படிக்காம போட்டான். இங்க படிக்கறவன் எழுதாம படிக்கறான். ரெண்டு பேரையும் நம்பாதீங்க. ரெண்டு பேரையும் எனக்கு நல்லாத் தெரியும்."

அறையில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அடுத்த சாட்சியை அழைத்தார்கள். கதவு திறந்தது. உள்ளே வந்தவன், அதே மாதிரி உப்புத்தாளில் தேய்த்த புதுத் தலைக்கவசத்தோடு, கார்மைன் டெஸ்டா.

கார்மைன் பதினெட்டு வருஷம் ரேமண்டின் கிரேனுக்குக் கீழே சங்கிலி மாட்டியவன். பக்கத்துத் தெரு. ரேமண்டைக் கடந்து போகும்போது, "உன் மூஞ்சியில மாவு" என்றான் மெல்ல. ரேமண்ட் துடைத்துக்கொண்டான். மாவு ஏதும் இல்லை.

கார்மைன் நன்றாகப் படித்தான். ஆலையைப் பற்றி, நாலாயிரம் குடும்பம் பற்றி. அவனுக்கும் எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரோ பழக்கியிருந்தார்கள். ரேமண்ட் தன் தலைக்கவசத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டான்.

மதியம் இருவரும் கட்டடத்தின் பின்படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள்.

"உனக்கு யாருடா?" என்றான் ரேமண்ட்.

"பாஸ்டன்ல ஏதோ பேராசிரியர்ங்க கமிட்டி. தொழிலாளியோட நியாயத்தைத் தொழிலாளியே சொல்லணுமாம். அவங்களே எழுதிட்டாங்க." கார்மைன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "என் தங்கச் சங்கிலியைக் கழட்ட வெச்சுட்டாங்க. சுரண்டப்படறவன் சங்கிலி போடமாட்டானாம்."

"எனக்கு டை."

"அதுக்குப் பதிலா ஒரு பொண்டாட்டி குடுத்தாங்களாமே?"

"வாயை மூடு."

"உன் பேச்சு ஊரையே வித்துடும்டா, ரே" என்றான் கார்மைன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ரேமண்டுக்குத் தாங்கவில்லை.

அப்போது வாயிற்காவலர் ஒருவர் புகைபிடிக்க வெளியே வந்தார். இரண்டு தலைக்கவசத்தையும் பார்த்துவிட்டு, எந்த விசாரணை என்று கேட்டார். சொன்னார்கள்.

"அதுவா. ஜாமீன் கெடையாதுன்னு போன வாரமே முடிவாகி, கடுதாசி டைப் ஆயிடுச்சே. அறையைப் பதிவு பண்ணிட்டாங்க, ரத்து பண்ணினா ரெண்டு படிவம் போடணும். அதனால நடத்தறாங்க."

காவலர் உள்ளே போனார். "துரோகம் பண்ணிட்டேன்னு காலையிலேருந்து என்னையே திட்டிட்டு இருந்தேன்டா" என்றான் ரேமண்ட். "துரோகம் பண்றதுக்குக்கூட எனக்கு வக்கில்லை பாரு."

கார்மைன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான்.

லவரிங்குக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. கையெழுத்து விவகாரம் அமெரிக்க மனத்தின் உள்போராட்டம் என்றார், அதற்கென்று ஒரு கருத்தரங்கு கூட்டினார். இருந்தும், ஆண்டு முடிவில் அசல்தன்மைக் குழு வழக்கமான தணிக்கையை நடத்தியபோது சில கவலைக்கிடமான விஷயங்கள் தெரியவந்தன. ஆஸ்தானப் பாமரர் அறுபத்தோரு தடவை விமானம் ஏறியிருக்கிறார். நாற்பது விடுதிகளில் தங்கியிருக்கிறார். அண்மையில் ஒரு கூட்டத்தில் 'முரண்பாடு' என்ற சொல்லைத் தூண்டுதல் இன்றிப் பயன்படுத்தியிருக்கிறார்.

"வருத்தமான கடமை" என்றார் லவரிங். அன்றும் திங்கட்கிழமைதான். "உங்ககிட்ட சாமானியத்தன்மை தீர்ந்துபோச்சு, மிஸ்டர் ஹுடாக். நாங்கதான் செலவழிச்சோம், மறுக்கலை. ஆனா ஒரு இருப்பு தீர்ந்தா சந்தை என்ன செய்யும்? புதுசா ஒண்ணைத் தேடும். நெப்ராஸ்காவில ஒரு லாரி டிரைவர் கெடைச்சிருக்கார். விமானத்தையே பாத்ததில்லை. அவரை விமானத்துல வரவழைக்கறோம்."

மெர்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உபயோகமில்லாதவன்னு கண்டுபிடிக்க அந்த ஆலைக்கு இருபத்தாறு வருஷம் ஆச்சு ஐயா" என்றான் ரேமண்ட். "உங்களுக்குப் பதினாலு மாசம்தான். தனியார் முயற்சின்னா என்னன்னு இப்பத்தான் புரியுது."

லவரிங் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டறிக்கையில் அது ரேமண்டின் படத்துக்குக் கீழே பாராட்டுரையாக வந்தது.

ஊருக்குத் திரும்பியவனுக்கு லோரெய்ன்தான் வேலை வாங்கிக் கொடுத்தாள். அதற்குள் அவள் மருத்துவமனையில் ஒரு மாடிக்கே பொறுப்பாளி. அவள் ஒரு வார்த்தை சொல்ல, கொதிகலனையும் மின்தூக்கிகளையும் பார்த்துக்கொள்ள ரேமண்டை எடுத்துக்கொண்டார்கள். "அங்க நான் உன் மேலதிகாரி இல்ல. ஆனா என் மாடியில மின்தூக்கி நின்னுதுன்னா இருக்கு உனக்கு" என்றாள். நிற்கவில்லை. கார்மைன் ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டினான்.

எண்பதாம் வருஷம் நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். வாக்குச்சாவடி தீயணைப்பு நிலையத்தில். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, நெம்புகோல் வைத்த இயந்திரங்களைத் திரைச்சீலைக்குள் வரிசையாக வைத்திருந்தார்கள். ரேமண்டும் கார்மைனும் வாக்களித்துவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். லோரெய்ன் இன்னும் வரிசையில் நின்றிருந்தாள். மருத்துவமனையிலிருந்து ஒரு மணி நேர அனுமதியில் வந்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்டா" என்றான் கார்மைன். காபிக் கோப்பையைப் பார்த்தபடி. "நான் ஜனாதிபதியை எதிர்த்து நின்னவருக்குப் போட்டுட்டேன்."

"நீயா? சங்கத்து ஆளா?"

"எங்கப்பா கல்லறையில திரும்பிப் படுத்திருப்பாரு. என்ன செய்ய. அன்னிக்கு வாஷிங்டன்ல கதவுக்கு வெளிய நின்னு உன் பேச்சைக் கேட்டுட்டிருந்தேன். அந்தச் சுதந்திரம் பத்தின முதல் பக்கம். மனசுலேருந்து போகவே இல்ல. நமக்காகப் பேசறோம்னு சொன்னவங்களும் நம்மள எங்க காப்பாத்தினாங்க?"

ரேமண்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"ஏன்டா?"

"நான் பதவியில இருக்கறவருக்குப் போட்டேன்."

"எட்டு மாநிலத்துல அவருக்கு எதிராப் பேசினவன்!"

"அந்த நாலாயிரம் குடும்பம்னு நீ ஒரு இடத்துல நிறுத்தின பாரு. அதுக்கப்புறம் என்னால முடியல."

இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு அறிஞர் சபைகள், அறுபத்தோரு விமானம், இரண்டு தலைக்கவசம், ஒரு தங்கச் சங்கிலி. கூட்டிக் கழித்தால் ஒரு வாக்குகூட நகரவில்லை. கார்மைன் சிரிக்க ஆரம்பித்தான். ரேமண்டுக்கும் தொற்றிக்கொண்டது. சாவடி அதிகாரி முறைக்கும் வரை சிரித்தார்கள்.

அதற்குள் லோரெய்னின் முறை வந்து, அவள் திரைக்குள் போயிருந்தாள். சீலைக்குக் கீழே அவளுடைய வெள்ளைச் செருப்பு மட்டும் தெரிந்தது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். செருப்பு அசையவில்லை. தாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதிகமாகவே அவள் உள்ளே நின்றாள். பிறகு நெம்புகோல் இழுபடும் சத்தம் கேட்டது. வெளியே வந்து மேலங்கியின் பித்தானைப் போட்டுக்கொண்டாள்.

"லோரெய்ன்" என்றான் கார்மைன். "நீ யாருக்குப் போட்ட?"

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"மூணு வருஷத்துல இந்த ஊருக்கு எத்தனை பேரு வந்து கருத்துக் கேட்டாங்க" என்றாள். "படம் புடிக்க வந்தாங்க, பேட்டி எடுக்க வந்தாங்க, மனு எழுத வந்தாங்க. இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்ட முதல் ஆள் நீதான் கார்மைன். நன்றி."

"சரி, சொல்லு."

"ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லி, மேஜைமேலிருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீடு மூன்று மைல். கார் போய்விட்டபடியால் இருவரும் நடந்தார்கள். ரேமண்ட் அவளுடன் இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவன். கார்மைன் அவளுடைய மூத்த பிள்ளையின் ஞானத்தந்தை. அவள் எதற்குக் கோபப்படுவாள், சம்பளம் எவ்வளவு, எந்தச் செய்தியைக் கேட்டால் வானொலியை அணைப்பாள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விவாதித்தார்கள். பாலத்தருகில் பதவியில் இருப்பவருக்குத்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். ஆலைச் சுவரோரம் வரும்போது இல்லை, எதிர்த்து நின்றவருக்குத்தான் என்றார்கள். வீட்டு வாசலில் நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.